மீதி மருந்து வீட்டில்

உடலில் காய்ச்சல் கண்டால் ஊரே மருந்து சொல்லும். உள்ளத்தில் அச்சம் கண்டாலோ, "நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்" என்று கதவைச் சாத்திக் கொள்வது நம்மிடையே வழக்கம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் தங்கையை உளவியலாளரிடம் அழைத்துச் சென்ற இந்த ஓராண்டில், எங்கள் குடும்பம் கற்றதை அக்காமார் நாங்கள் இருவரும் இங்கே எழுதுகிறோம்.

அம்மாவுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்பதே தங்கையின் அச்சம். அம்மா கண்ணில் படாவிட்டால் அழுவாள்; முந்தானையைப் பிடித்துக் கொண்டுதான் உறங்குவாள்; "உங்களுக்கு ஒன்றும் ஆகாதே அம்மா?" என்று நாளெல்லாம் கேட்பாள்.

உளவியலாளர் அவளிடம் மட்டும் பேசவில்லை. அப்பா, அம்மா, பாட்டி, நாங்கள் என அனைவரையும் அமர வைத்தார். "வாரத்திற்கு 168 மணி நேரம். குழந்தை என்னிடம் இருப்பது ஒரு மணி நேரம். மீதி 167 மணி நேரமும் உங்கள் கையில்தான்" என்றார்.

அவர் கூறியவை இவை: பயத்தைக் கேலி செய்யாதீர்கள், அதட்டவும் வேண்டாம். "உனக்குப் பயமாக இருப்பது தெரிகிறது, உன்னால் தாங்க முடியும் என்பதும் தெரியும்" என்று கூறுங்கள். ஒரே கேள்விக்கு ஒரு முறை மட்டும் விடை அளியுங்கள். திரும்பத் திரும்பக் கூறும் ஆறுதல், சொறியச் சொறிய வளரும் அரிப்பைப் போன்றது. சிறு சிறு படிகளாக ஏறட்டும். ஒவ்வொரு படியிலும் பாராட்டுங்கள். சிகிச்சை முடிந்து வந்ததும், "என்ன கேட்டார்கள்?" என்று துருவாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் அனைவரும் ஒரே மாதிரி நடந்து கொள்ளுங்கள்.

கேட்பதற்கு எளிது, செய்வதோ கடினம். முதல் படியாக, அம்மா அதே அறையில் தனிப் பாயில் படுத்தார். தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். "பச்சைப் பிள்ளை அழுகிறதே, பக்கத்தில் படுத்தால் என்ன?" என்று பாட்டி கலங்கினார். அம்மாவும் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணீர் விட்டதை நாங்கள் கண்டோம். ஆயினும், "நான் இங்கேதான் இருக்கிறேன், உன்னால் முடியும்" என்று ஒரு முறை மட்டும் கூறினார். கைவிடுவது வேறு, கையை மெல்ல விடுவது வேறு என்பதை அன்றிரவு அறிந்தோம்.

இவ்வழி ஆய்வுகளிலும் தேறியதே. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர், அச்சநோயுற்ற 124 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு பிரிவில் குழந்தைகளுக்கு நேரடிச் சிகிச்சை. மறு பிரிவில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. இரு பிரிவுக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றனர்.

இன்று தங்கை எங்கள் அறையில், தன் பாயில் உறங்குகிறாள். சில இரவுகளில் அச்சம் வரத்தான் செய்கிறது. "பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் படுத்துக் கொள்கிறேன்" என்று அவளே கூறுகிறாள்.

அன்புப் பெற்றோரே, பிள்ளைகளின் மனத்துயரை மறைக்காதீர்கள். மைய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். செபமாலை சொல்லும் நம் வீடுகளில் பொறுமைக்குக் குறைவில்லை. அந்தப் பொறுமையைப் பிள்ளைகளின் சிகிச்சைக்கும் அளிப்போம்.