மருத்துவர் சுனிதி சாலமன் அம்மையார்

காய்ச்சலால் வாடுவானுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க அண்டை வீட்டார் ஓடி வருவர். காலொடிந்தானைத் தோளில் தாங்கிச் செல்லப் பலர் முன்வருவர். நோயுற்றாரிடம் இரக்கம் கொள்ளுதல் மக்கட்கு இயல்பு. ஆயினும், பெயரைக் கேட்ட அளவிலேயே சுற்றத்தையும் நட்பையும் விலகி ஓடச் செய்யும் நோய்களும் உள. முற்காலத்தில் தொழுநோய் அத்தகையதாய் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்விடத்தை எய்ட்ஸ் பற்றிக்கொண்டது. அந்நோய்க்கு வித்தான கிருமி இந்தியாவிலும் உண்டு என்பதை 1986இல் மெய்ப்பித்த ஆய்வை வழிநடத்தியவர் மருத்துவர் சுனிதி சாலமன் அம்மையார். மெய்ப்பித்ததோடு தம் கடமை முடிந்தது என்று அவர் அமைந்திருக்கலாம். அங்ஙனம் அமையாமையே அவர் வாழ்க்கையின் சிறப்பு.

சென்னையில் தோல் வாணிகம் செய்துவந்த மராத்தியக் குடும்பம் ஒன்றில் அம்மையார் பிறந்தார். மக்கள் எண்மருள் இவர் ஒருவரே பெண். தடுப்பூசி போடுவதற்காக ஆண்டுதோறும் வீட்டுக்கு வந்த சுகாதார அதிகாரியைக் கண்டே தமக்கு மருத்துவத்தில் நாட்டம் பிறந்தது என்று பின்னாளில் அவர் கூறியதுண்டு. ஊசியைக் கண்டு பிள்ளைகள் ஓடி ஒளியும் பருவத்தில், ஊசி போட வந்தவர்மீது ஒரு சிறுமிக்கு மதிப்புத் தோன்றியது வியப்பே! சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், இதய அறுவை மருத்துவரான விக்டர் சாலமனை மணந்தார். மேனாடுகளில் பயிற்சி பெற்றுவந்த இருவரும் 1973இல் தாயகம் திரும்பினர். தம் பணி இந்தியாவுக்கே மிகுதியும் வேண்டப்படுவது என்பது அம்மையாரின் எண்ணம். தாம் பயின்ற கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் துறையில் ஆசிரியராய் அமர்ந்து, பேராசிரியராக உயர்ந்தார்.

1981ஆம் ஆண்டில் எய்ட்ஸ் நோய் அமெரிக்காவில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அதற்குக் காரணமான வைரஸை 1983இல் பிரான்சு நாட்டு அறிஞர் கண்டறிந்தனர். எச்.ஐ.வி. எனப்படும் அவ்வைரஸ், உடலைக் காக்கும் வெள்ளணுக்களைத் தாக்கி அழிக்கிறது. காவலர் மடிந்த கோட்டையுள் பகைவர் எளிதிற் புகுதல்போல, பிற நோய்கள் உடலுட் புகுந்து உயிரைக் கவர்கின்றன. உடலுறவாலும், தூய்மையற்ற ஊசியாலும், சோதிக்கப்படாத குருதியைச் செலுத்துவதாலும் இது பரவும். தாயிடமிருந்து சேய்க்கும் பரவும். தொடுவதாலோ, உடனிருந்து உண்பதாலோ, கொசுக்கடியாலோ பரவாது. இவ்வுண்மையை இன்று பள்ளிச் சிறாரும் அறிவர். அன்று மருத்துவருள்ளும் பலர் அறியாது அஞ்சினர்.

'இது மேனாட்டார் நோய். நம் நாட்டு ஒழுக்கமே நமக்கு வேலி' என்று பலர் இறுமாந்திருந்தனர். நோய்க்கிருமிக்கு நாடும் தெரியாது, குலமும் தெரியாது. அம்மையாருக்கு அவ்விறுமாப்பில் நம்பிக்கை இல்லை. தம்மிடம் பயின்ற நிர்மலா என்னும் மாணவியை அழைத்து, எய்ட்ஸ் கிருமி தமிழகத்தில் உண்டா என்று ஆராயுமாறு பணித்தார். நிர்மலா முதலில் தயங்கினார். பின்னர்க் கணவர் ஊக்கம் அளிக்கவே உடன்பட்டார். காவலரால் பிடிக்கப்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் சென்று குருதி பெற்றுவந்தார். குருதியிலிருந்து தெளிநீரைப் பிரித்தெடுக்கும் முறையை அம்மையார் சிறியதோர் ஆய்விடம் அமைத்துக் கற்பித்தார். பிரித்த தெளிநீரை வைத்துக் காக்க வேறிடம் இன்மையால், அது நிர்மலாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே இருந்தது! எதற்காகக் குருதி எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இக்குறையும் மறைத்தற்குரியதன்று.

சோதிக்கும் கருவி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரித் திங்களில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அத்தெளிநீர் கொண்டு செல்லப்பட்டது. சோதனைத் தட்டின் குழிகளுள் சில மஞ்சள் நிறமாய் மாறின. அறுவர் குருதியில் எச்.ஐ.வி.யின் அடையாளம் தோன்றிற்று. அவ்வறுவரிடம் மீண்டும் குருதி பெற்று அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தபோதும் முடிவு மாறவில்லை. அவ்வாண்டு மே திங்களில் தமிழக நலவாழ்வு அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அச்செய்தியை அறிவித்தார்.

நாடு திடுக்கிட்டது. சோதனையில் பிழை நேர்ந்திருக்கும் என்றனர் சிலர். வடநாட்டுப் பெண்ணொருத்தி நம்மைத் தூய்மையற்றவர் என்கிறாள் என்று சினந்தனர் வேறு சிலர். சென்னையிற் பிறந்து சென்னையிலே கற்றவரை இங்ஙனம் வடநாட்டார் ஆக்கியது அச்சமேயன்றி வேறில்லை.

அம்மையார் இப்பழிக்குக் கலங்கவில்லை. அவரைக் கலக்கியது வேறொன்று. அவ்வறுவருள் ஒருத்திக்கு வயது பதின்மூன்று. கடத்திக் கொண்டுவரப்பட்டு, அவ்வாழ்க்கையில் வலிந்து தள்ளப்பட்டவள் அவள். ஆய்வேட்டில் அவள் ஓர் எண் மட்டுமே. அம்மையாருக்கோ அவள் ஒரு குழந்தை. தவறு செய்தார்க்கே இந்நோய் வரும் என்று ஊர் பேசியபொழுது, இச்சிறுமி செய்த தவறு யாது? நுண்ணோக்காடியோடு இருந்த பேராசிரியர் நோயாளரை நோக்கித் திரும்பியது அதன் பின்னரே.

கல்லூரியில் எய்ட்ஸ் பற்றிய தகவல் உதவிக்குழு ஒன்றை அவர் அமைத்தார். 1993இல், தம் தந்தையார் ஒய்.ஆர். கெய்தொண்டேயின் பெயரால் எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கும் கல்விக்குமான மையம் ஒன்றைச் சென்னையில் நிறுவினார். மருத்துவமனைகள் பலவும் எச்.ஐ.வி. என்றதும் கதவடைத்த காலம் அது. இத்தகைய நோயாளரோடு அம்மையார் பழகுவதை அவர் கணவரே முதலில் விரும்பவில்லை. அவர்கள் கதையை ஒருமுறை கேட்டால் அவ்வாறு கூறமாட்டீர் என்பதே அம்மையார் அளித்த விடை. அவர் தம் பணியின் திறவுகோல் இவ்விடையிலேயே இருக்கிறது எனலாம். மருந்து இல்லாத நாளிலும் காது இருந்தது. குருதி எடுக்குமுன் எதற்காக என்று எடுத்துரைத்து, இசைவு பெற்று, முடிவைத் தனியே அமர்த்திச் சொல்லி, சொன்னபின்னும் கைவிடாமல் அறிவுரை கூறும் முறை அம்மையத்தில் வேரூன்றியது. 1986இல் அப்பெண்களுக்குக் கிடைக்காதது பின்வந்தார்க்குக் கிடைத்தது.

வந்த பெண்களுட் பெரும்பாலோர் கணவரையன்றிப் பிற ஆடவரை அறியாத இல்லத்தரசியர். கணவன் இறந்தபின், 'இவளால் வந்தது' என்று புகுந்த வீட்டார் தூற்றினர். இத்தகைய பழி நிலவிய காலத்தில், எச்.ஐ.வி. உடைய ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தம்முள் மணம் கூட்டுவிக்கவும் அம்மையார் முற்பட்டார். மணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம் வழக்கம். அம்மையார் பதினோராவது பொருத்தம் ஒன்றையும் சேர்த்துப் பார்த்தார்! பெற்றோர்க்கும் சொல்ல இயலாத மறையை உடையார் இருவர், ஒருவர்க்கொருவர் மறைக்க வேண்டாத இல்லறம் பெற்றனர். அவர் செய்த பணிகளுள் இதுவே இனியது.

ஆராய்ச்சியையும் அவர் விட்டாரல்லர். ஒருவர்க்கு நோய்க்கிருமி இருந்து மற்றவர்க்கு இல்லாத 1,763 இணையரை ஒன்பது நாடுகளில் தொடர்ந்து நோக்கிய பேராய்வு ஒன்றில் அம்மையமும் பங்கு கொண்டது. முன்கூட்டியே மருந்து உட்கொண்டால் துணைவர்க்குக் கிருமி பரவுவது 96 விழுக்காடு குறையும் என்று 2011இல் அவ்வாய்வு காட்டியது. இதற்கிடையே, 2004இல் இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாய் வழங்கத் தொடங்கிற்று; தொடக்கத்தில் அம்மருந்தை வழங்கிய இடங்களுள் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. மரணத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தவர்கள், திங்கள்தோறும் மருந்துக்கு நாள் குறித்துக்கொண்டு வரலாயினர்.

2015ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் அம்மையார் சென்னையில் புற்றுநோயால் காலமானார். 2017இல் இந்திய அரசு அவர்க்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அதே ஆண்டில், இசைவின்றி எச்.ஐ.வி. சோதனை செய்தலையும், அக்கிருமி உடையார்க்கு மருத்துவமும் கல்வியும் வேலையும் மறுத்தலையும் தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2018 செப்டம்பர்த் திங்களில் அது நடைமுறைக்கு வந்தது.