பாளை சீவும் மாமா

கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் வீதியில், ஹுன்னஸ்கிரியாவில் இடப்பக்கம் திரும்பி லூல்வத்தையைத் தாண்டினால் நக்கிள்ஸ் மலைச்சரிவெங்கும் கித்துள் மரங்கள். தமிழ்நாட்டில் கூந்தற்பனை என்பது இதைத்தான். மீமுரே வரைக்கும் வீடுகளில் இதன் சாற்றைப் பாணியாகக் காய்ச்சுகிறார்கள். நான் தேடிப்போன மாமா, விடிந்தும் விடியாத நேரத்தில் மரத்தின் பாதி உயரத்தில் இருந்தார்.

மரத்தோடு சேர்த்துக் கட்டிய மூங்கில்தான் ஏணி. கணுவில் கால் பதித்து ஏறினார். இடுப்பில் கத்தி, தோளில் வெறும் பானை. பாளையின் நுனியில் ஒரே சீவல், தாள் கனம்தான் இருக்கும். கூடச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைத்தால் வாய் அடைத்துக்கொள்ளும். மழையானாலும் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். முதற்பாளை உச்சியில் வரும், பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். கடைசிப் பாளையோடு மரமும் பட்டுப்போகும்.

கீழே வந்ததும் ஒரு கோப்பை சாறு ஊற்றித் தந்தார். நல்ல இனிப்பு, அடியில் லேசான துவர்ப்பு. துவர்ப்பு பானைக்குள் போட்ட ஹல் மரப்பட்டையுடையது. அது இல்லாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே சர்க்கரையை மதுவாக்கத் தொடங்கிவிடும்.

“பானையைச் சும்மா கழுவினாப் போதாது மகன். பழைய வாசம் ஒட்டியிருந்தா மத்தியானத்துக்குள்ள கள்ளாப் போயிரும்” என்றார்.

திருமுருகாற்றுப்படையில் மலைவேட்டுவரான கானவர்கள் தேன்கள்ளை நெடிய மூங்கில் குழாயில் முதிரவைத்துக் குடிக்கிறார்கள். தேன் கெட்டியானது, நீர் கலந்தால்தான் புளிக்கும். கித்துள் சாறோ மரத்திலிருந்தே நீர்த்து வருகிறது, காத்திருக்கவே வேண்டாம். அதனால் பாணிக்காரரின் கெட்டித்தனம் முழுவதும் புளிப்பைத் தள்ளிப்போடுவதில்தான். கள் தானாக ஆகும். பாணி ஆளால்தான் ஆகும்.

குசினியில் மாமி ஏற்கெனவே அடுப்பை மூட்டியிருந்தார். நுரை பொங்கப் பொங்க அகப்பையால் தணித்து, நிறம் கறுத்ததும் தூக்கி ஊற்றிப் பார்த்தார். நூலாக இறங்கினால் பாணி. இன்னும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. 1660இல் பிடிபட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இந்த மரத்தையும் சாற்றையும் சர்க்கரை காய்ச்சுவதையும் விவரித்திருக்கிறார். அவர் கண்ட வேலையும் இதேதான்.

ஒரு போத்தல் பாணிக்கு ஆறேழு போத்தல் சாறு வேண்டும். அதனால்தான் சந்தையில் சீனிப்பாகு கலந்த பாணி மலிவாகக் கிடைக்கிறது. அசலைக் கொண்டுவருகிறவர் விலை சொல்லத் தயங்குகிறார். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. அறுபது அடி உயரத்தில் வழுக்கும் மூங்கிலில் நிற்கிறவரையும் சீனி மூட்டையைப் பிரிக்கிறவரையும் ஒரே தராசில் வைக்கிறோம். மாமாவின் மகன் கண்டியில் வேலைக்குப் போகிறார், மரம் ஏறப் பழகவில்லை. பாணிக்கு நியாய விலை கிடைத்தால் ஏறுவாரா என்று கேட்டேன்.

“கிடைச்சாத்தானே கேட்டுப் பாக்கலாம்” என்றார் மாமி, அடுப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.