துடுப்புப் படகில் பிச்சாவரம்

வேப்பூர்க்காரர்களுக்குத் தரைதான் தெரியும். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை, திருச்சி-சென்னை நெடுஞ்சாலை, விருத்தாசலம் பஸ், இவற்றுக்குள் எங்கள் பேச்சு முடிந்துவிடும். ஆறு என்றால் விருத்தாசலத்து மணிமுத்தாறு. அதிலும் மழைக்காலம் போனால் மணல்தான் மிச்சம். படகில் ஏறாமலே பேரன் பேத்தி எடுத்தவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். நானும் என் மனைவியும் அந்தக் கணக்கில் சேராமல் தப்பித்தது பிச்சாவரத்தால்.

சென்னையில் இதற்கெல்லாம் சங்கமே உண்டு. அடையாற்றங்கரையில் துடுப்பு வலிக்க 1867-இலேயே மெட்ராஸ் போட் கிளப் தொடங்கிவிட்டார்கள். பாய்மரப் படகு விட 1911-இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் வந்தது. அங்கே உறுப்பினராக நம் சட்டைப்பை இடம் கொடுக்காது. கடலூர் மாவட்டத்துக்காரனுக்குச் சுற்றுலாத் துறையின் பிச்சாவரம் படகுக் குழாம்தான் யாட் கிளப். டிக்கெட் எடுத்தால் அன்றைக்கு நாமும் உறுப்பினர்.

விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், கிள்ளை என்று போகிற வழி. மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. சேத்தியாத்தோப்பில் ஓர் அணைக்கட்டு வெள்ளாற்றை மறிக்கிறது. புவனகிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது மறுபடி கண்ணில் படுகிறது. பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் போய்விடுகிறது. அந்த முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் நடுவில் கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு, சுமார் 1,100 ஹெக்டேர். வேப்பூர்ப் பக்கம் பெய்கிற மழையிலும் ஒரு பங்கு அந்தப் பக்கம்தான் போய்ச் சேரும். பஸ்ஸில் இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம தண்ணிய பாக்கத்தான் காசு குடுத்துப் போறமா?" என்றாள் என் மனைவி.

படகுத்துறையில் உயிர்காப்புச் சட்டையை மாட்டிவிட்டுப் படகுக்காரர், "அக்கா, நடுவுல உக்காருங்க, எந்திரிக்காதீங்க" என்றார். முதலில் அகலமான நீர்ப்பரப்பு. மோட்டார் படகுகள் அலை எழுப்பிக்கொண்டு போக, எங்கள் படகு ஆடியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்தது. பிறகு ஒரு சந்து மாதிரி கால்வாய்க்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் சுரபுன்னை, தாங்குவேர்களை வளைத்து வளைத்துத் தண்ணீருக்குள் ஊன்றி நின்றது. மேலே கிளைகள் மூடிக்கொண்டு வெயிலே இல்லை. துடுப்பைப் போட இடமில்லாத இடங்களில் வேரைப் பிடித்துத் தள்ளியே படகை நகர்த்தினார்.

கிளையிலிருந்து முருங்கைக்காய் மாதிரி பச்சையாகத் தொங்கியது காய் என்று நினைத்தோம். காயில்லை, நாற்று. விதை மரத்திலேயே முளைத்து, நீண்டு, பிறகுதான் விழும். சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே மரம், இல்லாவிட்டால் மிதந்து போய் வேறெங்கோ. கரையோரம் வெண்கண்டல் நின்றது. அதன் இலையை நக்கிப் பார்க்கச் சொன்னார் படகுக்காரர். உப்பு. வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியே வெளியே தள்ளிவிடுகிறது.

என் மனைவிக்கு வேலை விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், அச்சில் களிக்குழம்பு ஊற்றிப் பிள்ளையார் பொம்மை எடுப்பது. கை நீட்டிக் கொஞ்சம் சேற்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். "வழவழன்னுதான் இருக்கு. ஆனா ஆகாதுங்க, சூளையில வெச்சு எடுத்தா உப்புப் பூத்துரும்." இந்தச் சேற்றைப் பற்றி அன்று கேட்டதிலேயே உருப்படியான கருத்து இதுதான்.

காட்டின் சங்கடமும் அதே உப்புதான். வெள்ளைக்காரன் காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து அமுங்கிப் பள்ளமானது, ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் தேங்கி உப்பு முற்றியது, எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் அமைப்பில் கால்வாய் வெட்டித் தண்ணீர் வந்து போக வழி செய்தன, நாற்று நட்டன. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்தது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. வருகிறவர்கள் கேட்பதென்னவோ, 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வந்த இடம் எது என்றுதான்!

திரும்பும்போது கழுத்தளவுத் தண்ணீரில் சிலர் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார்கள். இருளர்கள். வலை இல்லை, சேற்றில் கையால் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறியில் போடுகிறார்கள். எங்கள் படகு கிட்டே போனதும் ஒருவர் நிமிர்ந்து ஒதுங்கி வழிவிட்டார். வேலை செய்கிற இடத்துக்குள் வேடிக்கை பார்க்க நுழைந்துவிட்ட கூச்சம் எனக்கு.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சித்திரை வெயிலில் போகாதீர்கள். மழை ஓய்ந்து ஆற்றுநீர் வந்து சேர்ந்திருக்கும் தை மாதம் போங்கள், காலையிலேயே போங்கள். மோட்டார் படகு சீக்கிரம் சுற்றிக் காட்டும், ஆனால் குறுகலான கால்வாய்க்குள் நுழையாது. துடுப்புப் படகே எடுங்கள். தண்ணீர் வற்றியிருக்கிறது, உள்ளே போக முடியாது என்று படகுக்காரர் சொன்னால், கூடுதலாகப் பணம் நீட்டி வற்புறுத்தாதீர்கள்.