பன்னிரண்டு துளைகள்

கல்யாண மண்டபத்தில் நாயனத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால், 'காது போயிடும்' என்று எழுந்து பின்வரிசைக்குப் போகிற ஆசாமியா நீங்கள்? போவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் குழலில் எத்தனை துளை என்று எண்ணிப் பாருங்கள். விரல் வைத்து வாசிக்க ஏழு. அதற்குக் கீழே விரல் படாத ஐந்து. ஆக, பன்னிரண்டு.

இவற்றைத் துளைப்பதற்கென்றே பேர்போன ஊர், கும்பகோணம் - மயிலாடுதுறை பாதையில் உள்ள நரசிங்கம்பேட்டை. "ஓட்டை போடறதுல என்ன சார் இருக்கு? டிரில் மிஷின் இருந்தா பத்து நிமிஷம்" என்றார் என் இன்ஜினீயர் நண்பர்.

இருக்கிறது. முதலில் நீளவாக்கில் நடுத்துளை. இது தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரே அளவில் இருக்காது. வாய்ப்பக்கம் குறுகி, போகப்போக அகலும். எனவே சின்ன துளையாக ஆரம்பித்துப் படிப்படியாகப் பெருக்க வேண்டும். கம்பி கொஞ்சம் சாய்ந்தால் போச்சு, மரம் விறகு.

அப்புறம் விரல் துளைகள். துளை வாய்ப்பக்கம் நகர்ந்தால் சுரம் ஏறும், பெரிதானாலும் ஏறும். பெரிதாக்குவது சுலபம், பெரிதானதைச் சிறிதாக்குவதுதான் கஷ்டம். கீழே இருக்கிற ஐந்தில் மெழுகு வைத்துச் சுருதியைக் கொஞ்சம் சரிக்கட்டலாம். மற்றபடி அளவுகோல் பாதி, ஆசாரியின் காது மீதி.

அந்தக் காதுக்கு ஒரு சாட்சி உண்டு. பழைய திமிரி நாயனத்தில் சுத்த மத்தியமம் லேசில் பிடி கொடுக்காது. மூச்சாலும் உதட்டாலும் சமாளிப்பார்கள். பக்கத்து ஊரான திருவாவடுதுறையின் ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898-1956) அது போதவில்லை. அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி உருவாக்கியதுதான் நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனம். சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசியது. இன்று நீங்கள் கச்சேரியில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.

2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால், குறியீடு மரம் தராதே!

குழலுக்கு ஆச்சா மரம்தான் வேண்டும். தண்ணீரில் போட்டால் முழுகுகிற கனம். அதுவும் புது மரம் ஆகாது. காயக் காய வளையும், வெடிக்கும். பல பத்தாண்டுகள் காய்ந்து, இனி அசைய மாட்டேன் என்று அடங்கிய மரம் வேண்டும். அப்படிப்பட்டது எங்கே கிடைக்கும்? இடிபடுகிற பழைய வீடுகளின் தூணிலும் உத்தரத்திலும். தாத்தா வீட்டுக் கூரையைத் தாங்கிய கட்டைதான் பேரன் கல்யாணத்தில் கெட்டிமேளத்தோடு ஊதுகிறது. நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இடிப்பதற்கு இன்னும் எத்தனை வீடு பாக்கி? ஆச்சா மெதுவாக வளரும் மரம். இன்று நட்டால், துளைபோடுவது நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில்தான்.

ஊரில் பழைய வீட்டை இடிக்கப்போகிறீர்களா? உத்தரம் என்ன மரம் என்று ஒரு தச்சரிடம் கேளுங்கள். ஆச்சா என்றால் விறகுக் கடைக்கு அனுப்பாதீர்கள். நரசிங்கம்பேட்டைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.