பெயர் கேளாமல் வந்தேன்

பணி ஓய்வுக்குப் பின் அந்தமான் தீவுகளைக் காண வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. சென்ற ஆண்டு சனவரித் திங்களில், மனைவியோடும் மகன் குடும்பத்தோடும் அந்த ஆசை நிறைவேறியது.

2018ஆம் ஆண்டு முதல் சுவராஜ் தீவு எனப் பெயர் பெற்றுள்ள ஹேவ்லாக்கில், மூச்சுக்குழாயைப் பல்லில் கவ்வியபடி பவளப்பாறைகளைக் காணக் கடலில் இறங்கினேன். வண்ண மீன்களில் மெய்மறந்திருந்த வேளையில் கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. பதற்றத்தில் மூக்கால் மூச்சிழுத்துவிட்டேன். உப்புநீர் தொண்டையை அடைத்தது. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அப்போது ஒரு கை என் தோளை இறுகப் பற்றியது. “காலை உதறாதீங்க ஐயா, நான் பிடிச்சிருக்கேன்” என்றான் உடன் வந்த படகுக்காரப் பையன். கரை சேர்ந்ததும் ஐந்நூறு ரூபாய்த் தாளொன்றை அவன் கையில் வைத்து, “நல்லா இரு தம்பி” என்றேன். கடன் தீர்ந்ததாகவே எண்ணிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைக் காணப் புறப்பட்டோம். ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து, காவலர் துணையோடு, வண்டிகள் வரிசையாகச் செல்ல வேண்டும். அது ஜாரவா பழங்குடியினரின் காடு. 1990களின் பிற்பகுதி வரை வெளியாரை அண்டவிடாது வாழ்ந்த மக்கள் அவர்கள். அந்தக் காட்டின் வழியே செல்லும் சாலையை மூடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும், போக்குவரத்து நிற்கவில்லை. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது என்பன விதிகள். நாங்கள் எந்த விதியையும் மீறவில்லை. ஆயினும் சாலையோரம் இரு சிறுவர்களைக் கண்டதும், “அதோ, அதோ!” என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் கூவினேன். அவர்களில் ஒருவன் என்னை நேராகப் பார்த்தான். அதற்குள் வண்டி கடந்துவிட்டது.

ஊர் திரும்பிய பின், தீவின் நினைவு மாறாத நிலையில், டேனியல் டீஃபோ 1719இல் வெளியிட்ட ‘ராபின்சன் குரூசோ’ புதினத்தை எடுத்தேன். பள்ளி நாள்களில் அதன் சுருக்கத்தைப் படித்து வியந்தவன் நான். ஆளில்லாத் தீவில் வேலியமைத்து, ஆடு வளர்த்து, இருபத்தெட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த மனிதன் அன்று எனக்கு வீரனாகத் தெரிந்தான். முழு நூலையும் இப்போது படிக்கையில், அவன் கப்பல் உடைந்தது அடிமைகளைக் கொண்டுவரச் சென்ற பயணத்தில்தான் என்று அறிந்தேன். தான் காப்பாற்றிய மனிதனிடம் அவன் பெயரைக் கேட்கவேயில்லை குரூசோ. காப்பாற்றிய கிழமையை வைத்து ‘வெள்ளி’ என்று பெயரிடுகிறான். தன்னை ‘எசமான்’ என்று அழைக்கக் கற்றுக்கொடுக்கிறான்.

அந்தப் பக்கத்தில் நூலை மூடிவிட்டேன். குரூசோவாவது தான் காப்பாற்றியவனின் பெயரைக் கேட்கவில்லை. நானோ என்னைக் காப்பாற்றியவனின் பெயரையே கேட்கவில்லை! ‘தம்பி’ என்று வாய் நிறைய அழைத்துவிட்டால் உறவு வந்துவிடுமா? சாலையோரச் சிறுவனுக்கும் ஒரு பெயர் இருக்கும், அவன் தாய் அழைக்கும் பெயர். அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை. ஆனால் கூவாமல் இருந்திருக்கலாம்.

மகனை விட்டுப் படகு உரிமையாளரிடம் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். “எந்தப் பையன்? நாலைந்து பேர் இருக்கிறார்களே, அடையாளம் சொல்லுங்கள்” என்றாராம். மகன் என்னைப் பார்த்தான். தோளைப் பற்றிய பிடி நினைவிருந்தது. முகம் நினைவில் இல்லை.

இப்போதெல்லாம் தெருவில் காய்கறி கொண்டுவரும் அம்மாளிடமும், எரிவாயு உருளை சுமந்து வருபவரிடமும் முதலில் பெயரைக் கேட்கிறேன். சிலர் வியப்போடு பார்க்கிறார்கள். காய்கறி அம்மாளின் பெயர் செல்லம்மாள். பதினோராண்டுகளாக எங்கள் வாசலுக்கு வருகிறார்.