கடலில்லாத ஊரில் ஒரு படகு

பெங்களூருக்குக் கடல் இல்லை. கிழக்கே சென்னைக் கடற்கரையும் மேற்கே மங்களூர்க் கடற்கரையும் ஏறத்தாழ ஒரே தொலைவு, 350 கிலோமீட்டர். ஊரோ கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் பழைய ஃபைபர் மோட்டார் படகு ஒன்றை வாங்கி, வீட்டு வாசலில் போட்டுச் செப்பனிடலாம் என்று ஒருவருக்கு ஆசை வந்தால், இந்த ஊர் அவரைக் கைவிடாது.

காரணம், ஃபைபர் கிளாஸ் இங்கே பழகிய சரக்கு. தண்ணீருக்காக அல்ல, ஆகாயத்துக்காக. பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய ‘ஹன்ஸா’ என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் 1993 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. உலோகத் தகட்டுக்குப் பதில், இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய கலவைதான் அதன் உடல். படகின் உடம்புக்கும் அதே வித்தைதான்.

படகு என்றதும் பெங்களூர்த் தமிழர்களுக்கு நினைவு வருவது அல்சூர் ஏரி. கெம்பெகவுடா வம்சத்தோடும், 1860களில் கமிஷனராக இருந்த பௌரிங்கோடும் சேர்த்துப் பேசப்படும் ஏரி இது. ஒரு பக்கம் இராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாம். இன்னொரு பக்கம் தமிழ்ச் சங்கம். 1991ல் கொண்டுவந்து வைக்கப்பட்டு, 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அருகில்தான். குடும்பத்தோடு படகுச் சவாரி போய்வந்த தலைமுறைகள் இங்கே உண்டு.

ஏரியில் மிதப்பதற்கும் கடலில் மிதப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படகு மரத்துக்குக் கடலில் எதிரி, துளைத்துத் தின்னும் கப்பல் புழு. நன்னீரில் எதிரி, பூஞ்சை. உப்பு, மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சையை அடக்கி வைக்கும். மழைத் தண்ணீரோ அதை வளர்க்கும். மூடாமல் பெங்களூர் மழையில் நிற்கும் படகு, மரக்காணத்திலோ குளச்சலிலோ அலையில் அடிபடும் படகைவிடச் சீக்கிரம் அழுகக்கூடும்.

ஃபைபர் எப்படி அழுகும்? ஃபைபர் அழுகாது. ஆனால் ‘ஃபைபர் படகு’ என்ற பெயர் பாதிதான் உண்மை. பழைய படகுகள் பலவற்றில் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைகள், காலடித் தளம், எஞ்சினைத் தாங்கும் பின்பலகை எல்லாம் மரம் அல்லது பிளைவுட். மேலே ஃபைபர் போர்வை, அவ்வளவுதான். கயிறு கட்டும் கொக்கிக்காகப் போட்ட ஒரு திருகாணித் துளை போதும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. சில வருடங்களில் கட்டை நசநசத்த தூளாகிவிடும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி பழையது. சந்தையில் மண்பானை வாங்குகிறவர் செய்வதுதான்: தட்டிப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலுக்கு ‘டங்’ என்று பதில் வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. ‘பொத்’தென்று வந்தால் சந்தேகம். துளை போட்டால் ஈரமான பழுப்புத் தூள் வரும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

பிறகுதான் நிஜமான வேலை. படகின் வடிவம் கோணாமல் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். உள்பக்கமிருந்து ஃபைபரை வெட்டி, இற்றதைச் சுரண்டி எடுத்து, மிச்சத்தைக் காயவிட வேண்டும். அவசரக்காரர்கள் தோற்கும் இடம் இது. ஈர மரத்தில் ரெசின் ஒட்டாது. ஜனவரி முதல் மார்ச் வரை தோதான காலம். ஏப்ரலில் மாங்காய் மழை வந்துவிட்டால் தார்ப்பாயை நம்பித்தான் பிழைக்க வேண்டும். ரெசினில் சேர்க்கும் கெட்டிப்படுத்தும் திரவம் அளவு மிஞ்சினால் டப்பாவே சூடேறிப் புகையும். அரைக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி இல்லாமல் தொடக்கூடாத வேலை.

மாற்று மரத்துக்கும் பெங்களூரிலேயே ஆதாரம் உண்டு. பிளைவுட்டுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் 1962ல் தொடங்கப்பட்ட ஊர் இது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது விதி. வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரில் விற்கும் மரைன் பிளைவுட்டில் கணிசமானது தண்ணீரில் இறங்குவதே இல்லை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் அலமாரியாகிவிடுகிறது.

இத்தனை சிரமம் எதற்கு? நாலு டப்பா பெயின்ட் அடித்து விற்றுவிடலாமே என்பவர்கள் எங்கும் உண்டு. ஆனால் எஞ்சினின் முழு எடையும் உந்தலும் அந்தப் பின்பலகை மேல்தான். நடு ஏரியில் அது பெயர்ந்து வந்தால் பெயின்ட் காப்பாற்றாது. கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றி அமைத்தது அது, அளவுக்கு மேல் ஆட்கள் வேறு என்று செய்திகள் கூறின. எஞ்சின் படகுகளுக்குப் பரிசோதனையும் பதிவும் கட்டாயம் என்கிறது 2021ம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம். வீட்டு வாசலில் செப்பனிட்ட படகுக்கும் அது பொருந்தும்.

படகே வேண்டாத ஊர் என்றும் பெங்களூரைச் சொல்லிவிட முடியாது. 2022 செப்டம்பர் மழையில், பெல்லந்தூர் பக்கத்துச் சொகுசுக் குடியிருப்புகளிலிருந்து மக்களைப் படகிலும் டிராக்டரிலும்தான் மீட்டார்கள். அதே பெல்லந்தூர் ஏரி 2015லும் 2017லும் 2018லும் தீப்பற்றி எரிந்தது. அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. கரையில் வேலியும் நடைபாதையும் ஒழுங்காகத்தான் இருந்தன. கழிவு சேர்ந்து, பிராணவாயு குறைந்தது தண்ணீரில்.

படகைத் திறந்து பார்க்கிறவருக்கு இது புதிதாக இருக்காது. மேற்பூச்சை நம்பாமல் தட்டிப் பார்க்க வேண்டும். இற்றது எதுவரை என்று பார்த்து, அதுவரை வெட்ட வேண்டும். காயும்வரை பொறுக்க வேண்டும். ஏரிக்கும் அதைவிடக் குறுக்குவழி இருப்பதாகத் தெரியவில்லை.