தொழுவத்து மின்சாரம்

பூதப்பாண்டி, ஜூலை 28

பழைய தொழுவத்தின் ஓட்டுக்கூரையைப் பிரித்து மேய்ந்து, தரைக்குச் சிமெண்ட் பூசி, அதில் மின்சாரக் காரை நிறுத்தத் தொடங்கியதிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் குசலம் விசாரித்து முடித்ததும் தவறாமல் கேட்கிற கேள்வி, "முழுசா சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான். பத்து மணி நேரம் என்று நான் பதில் சொன்னவுடனே, பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிஷத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு பழகிப்போன அந்த நண்பர்கள் என்னை மிகுந்த அனுதாபத்தோடு பார்க்கிறார்கள். வண்டியின் பாட்டரி 30 யூனிட் கொள்ளும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து அது 3.3 கிலோவாட் வீதம் இழுக்கும். வழியில் சிறிது வீணாவதையும் கழித்துப் பார்த்தால் மணிக்கு மூன்று யூனிட் ஏறுவதாக வைத்துக்கொள்ளலாம். சுவரில் 7.2 கிலோவாட் சார்ஜ் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டால் இந்தப் பத்து மணி நேரம் நாலரையாகச் சுருங்கும். மாட்டுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 30

வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தை இன்று ஆதியோடந்தமாக வாசித்தேன். கம்பியில் வரும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக்கிப் பாட்டரிக்கு ஊட்டுகிற யந்திரம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்பதும், சுவரில் மாட்டும் பெட்டி வாசலில் நின்று, பாதுகாப்பைப் பரிசோதித்துவிட்டு, மின்சாரத்தை உள்ளே விடுகிற வேலையை மாத்திரமே செய்கிறது என்பதும் அதிலிருந்து விளங்கின. ஆகவே, உள்ளிருக்கும் யந்திரத்தின் சக்தி 3.3 கிலோவாட்டாக இருக்குமானால், எத்தனை ஆயிரம் கொடுத்துப் பெட்டி வாங்கினாலும் அது சுவருக்கு அலங்காரமாகவே இருக்கும். என் வண்டி 7.2 வரைக்கும் ஏற்கும் ஜாதி. அந்த அளவில் ஆக்ஷேபமில்லை. வேகமாக ஏற்றினால் பாட்டரி கெட்டுப்போகும் என்று ஊரில் நிலவும் அபிப்பிராயமும் இந்த விஷயத்தில் செல்லாது. நெடுஞ்சாலைப் பங்குகளில் 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமாக நேர்திசை மின்சாரத்தைப் பாட்டரிக்குள் செலுத்தும் பெரிய யந்திரங்களை ஓயாமல் உபயோகிப்பவர்கள்தாம் அதைப்பற்றி யோசிக்க வேண்டும். 30 யூனிட் பாட்டரிக்கு ஏழு கிலோவாட் என்பது ஒரு பொருட்டல்ல.

ஆகஸ்ட் 2

எலக்ட்ரீசியன் வந்தார். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு வெளியே போய், போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரையும், வயல் வரப்போரமாகத் தென்னைகளுக்கு நடுவே டிரான்ஸ்பார்மரை நோக்கி நீண்டு போகிற லைனையும் இடுப்பில் கைவைத்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாரே, பெட்டி வாங்குறது பெரிய காரியமில்ல. பெட்டிக்கு வாற வழியத்தான் முதல்ல பாக்கணும். நாம லைனுக்க கடைசியில இருக்கோம். முப்பது ஆம்பியர் சேர்ந்தாப்புல இழுத்தா பக்கத்து வீட்டு அக்காக்க மிக்ஸி மூச்சு விடாது, பாத்துக்கிடுங்க."

அவர் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் வோல்டேஜ் 190-க்கு இறங்குவதை ஸ்டெபிலைசரின் முள் காட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டி 32 ஆம்பியரைத் தாண்டாது. ஆகவே 190 வோல்டில் ஏழு கிலோவாட் என்பது ஆறாகிவிடும். அதற்கும் கீழே வோல்டேஜ் இறங்குமானால் பெட்டி தானே தன்னை நிறுத்திக்கொள்ளவும் கூடும். இது தவிர, எங்கள் சர்வீஸ் சிங்கிள் பேஸ். தமிழ்நாட்டில் 4 கிலோவாட்டுக்கு மேற்பட்ட லோடுக்கு மும்முனை இணைப்பு வாங்கியாக வேண்டும். அதற்கு விண்ணப்பம், வைப்புத்தொகை, வளர்ச்சிக் கட்டணம், புதிய மீட்டர் என்று காரியங்கள் இருக்கின்றன. அவ்வளவும் செய்து மூன்று பேஸ் வந்த பிறகும், இந்தப் பெட்டி அவற்றில் ஒன்றிலிருந்துதான் முழுவதையும் இழுக்குமாம்.

அவர் போன பின்பு நெடுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போகிற ஆடிக் காற்று வாழையிலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றைத்தானே முப்பந்தலில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் பிடித்து மின்சாரமாக்குகின்றன! வடமேற்கே கோதையாற்றில் 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டுமாக இரண்டு மின்நிலையங்கள் மலையிறங்கும் நீரைக்கொண்டு மின்சாரம் எடுத்துவிட்டு, அந்த நீரையே பேச்சிப்பாறைக்கு அனுப்பி, எங்கள் வயல்களுக்குப் பாயவிடுகின்றன. கிழக்கே கடற்கரையோரமாகக் கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் வீதம் இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1940-இல் பள்ளிவாசல் மின்நிலையம் ஆரம்பமானபோது, மூணாற்று மலையிலிருந்து கம்பிவழியே வெளிச்சம் வரும் என்பதே பெரிய அதிசயமாகப் பேசப்பட்டிருக்கும். இன்றோ காற்று, நீர், அணு மூன்றும் எங்களைச் சூழ நின்று மின்சாரம் செய்ய, அவற்றின் மத்தியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மாலையில் கிடைப்பது 190 வோல்ட்.

இதில் அநியாயம் ஏதுமில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். முப்பந்தலில் பிறக்கும் மின்சாரம் பக்கத்து ஊர் என்ற தாட்சண்யத்தால் பூதப்பாண்டிக்குள் இறங்கி வருவதில்லை. லட்சம் வோல்டுக்கு மேற்பட்ட பெருங்கம்பிகளில் ஏறி, தேசத்துப் பொதுவெள்ளத்தோடு கலந்து, பிறகு துணைமின் நிலையங்களில் படிப்படியாக இறங்கி, கடைசியில் 11,000 வோல்டாக எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மரை அடைகிறது. அங்கிருந்து என் மீட்டர் வரைக்கும் உள்ள சில நூறு மீட்டர் அலுமினியக் கம்பியில்தான் என்னுடைய வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 4

பணக்கணக்கு. வீட்டுக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 380 யூனிட், வண்டிக்கு 300. எனவே 500-ஐத் தாண்டிவிடுகிறோம். தாண்டியவுடனே கீழ்ப்படிகளில் இருந்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. 600-ஐத் தாண்டிய எங்கள் 80 யூனிட் ஒவ்வொன்றுக்கும் 9 ரூபாய் 65 காசு. இவ்வளவு கொடுத்தும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் சுமாருக்கே வருகிறது. பெட்ரோலுக்கு ஏழு ரூபாயாவது ஆகும். வேகமான பெட்டி இந்தக் கணக்கைக் கூட்டப் போவதுமில்லை, குறைக்கப் போவதுமில்லை. நாலரை மணி நேரத்தில் ஏறினாலும் பத்து மணி நேரத்தில் ஏறினாலும் யூனிட் யூனிட்தான்.

ஆகஸ்ட் 9

இரண்டு நாளாகப் பெட்டி வேண்டாம் என்ற பக்கமே மனம் சாய்ந்திருந்தது. இன்று சாரல் மழையில் ஓலை மடல் ஒன்று லைனில் விழுந்து, மத்தியானம் முழுவதும் மின்சாரம் இல்லாமற் போகவே, எதிர்க்கட்சியின் வாதத்துக்கும் செவிகொடுக்க நேர்ந்தது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இந்த ஜில்லாவைச் சூறையாடியபோது, ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்ததோடு ஆயிரக்கணக்கான மின்கம்பங்களும் விழுந்து, பல கிராமங்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. அத்தகைய காலத்தில் மின்சாரம் இரண்டு மணி நேரம் வந்து மறுபடியும் போய்விடுமானால், என் பிளக் ஆறு யூனிட்தான் ஏற்றியிருக்கும். நாற்பது கிலோமீட்டருக்குக் காணும். பெட்டியாக இருந்தால், வோல்டேஜ் ஒழுங்காக நிற்கும் பட்சத்தில், பதின்மூன்று யூனிட் ஏற்றித் தொண்ணூறு கிலோமீட்டருக்கு வழிசெய்திருக்கும். ராத்திரியில் திடீரென்று ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமே என்ற பயமும் இதைச் சேர்ந்ததே. அந்தப் பயத்துக்கு, வண்டியை நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதிருப்பதே போதுமான பரிகாரம் என்று தோன்றுகிறது. புயலுக்கு அப்படி எளிய பரிகாரம் ஒன்றும் அகப்படவில்லை.

ஆகஸ்ட் 13

வீட்டுக்காரியிடம் கணக்குகளையெல்லாம் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். கோட்டாற்றில் வாங்கிவந்த சீனி அவரைக்காயை நார் உரித்துக்கொண்டே கேட்டவள், "ராத்திரி பத்து மணிக்கு மேல நாம எங்கங்க போவப் போறோம்?" என்றாள்.

அந்தக் கேள்வியிலிருந்து திரும்பவும் கணக்குப் போட்டேன். நாகர்கோவில் போய்வர மூன்று யூனிட்; ஒரு மணி நேரத்தில் ஈடாகிவிடும். திருவனந்தபுரம் போய்வந்தால் 150 கிலோமீட்டர், இருபத்திரண்டு யூனிட். இரவு எட்டரைக்குப் பிளக்கை மாட்டினால் விடிவதற்குள் தொட்டி நிறைந்துவிடும். திருவனந்தபுரத்திலிருந்து வந்த அன்றைக்கே திருநெல்வேலிக்குப் புறப்பட வேண்டிய குடும்பத்துக்குத்தான் பெட்டி இன்றியமையாதது. இதே தொழுவத்தில் என் பாட்டா கட்டிப்போட்ட உழவுமாடுகள், பகலில் அவசரமாக மேய்ந்ததை இரவெல்லாம் படுத்து அசைபோட்டு ஜீரணித்தன. அவற்றை யாரும் அவசரப்படுத்தியதில்லை. என் வண்டிக்கும் இரவு முழுவதும் வேறு வேலை கிடையாது.

ஆனால் இப்போதுள்ள பிளக் அப்படியே இருக்கலாகாது. பதினான்கு ஆம்பியரை எட்டு ஒன்பது மணி நேரம் தொடர்ந்து தாங்குவதற்கு அடுக்களைக் கிரைண்டருக்குப் போட்ட கம்பி ஏற்றதல்ல. நேற்றிரவு தொட்டுப் பார்த்தபோது பிளக் நன்றாகச் சுட்டது. பெட்டிக்கென்று எடுத்து வைத்த அறுபதாயிரத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிடுவது என்று முடிவாயிற்று. மீட்டரிலிருந்து தொழுவத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன், கசிவு மின்சாரத்தை உணர்ந்து தானே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப்பர், புதிதாகக் குழிதோண்டிப் போடுகிற எர்த், தொழிற்சாலைகளில் உபயோகிக்கிற கனமான பிளக். பிற்காலத்தில் பெட்டி வந்தாலும் இதே கம்பி தாங்கும் என்கிறார் எலக்ட்ரீசியன். டிரான்ஸ்பார்மர் தூரத்தைப் பற்றி மின்வாரியத்துக்கு ஒரு விண்ணப்பமும் எழுதியிருக்கிறேன். தெரு முழுவதற்கும் பிரயோஜனமான காரியம் அது ஒன்றுதான் என்பதால் அண்டை வீட்டார் நால்வர் அதில் கையெழுத்திட்டார்கள்.

ஆகஸ்ட் 19

கம்பி வந்துவிட்டது. ஓணத்துக்கு வருகிற மகளும் மருமகனும் மின்சார வண்டியில்தான் வரப்போகிறார்கள் என்பது இன்றுதான் தெரிந்தது. இரண்டு வண்டிகளையும் ஒரே நேரத்தில் இந்தச் சர்வீஸ் தாங்காது. அவர்கள் வண்டிக்கு இரவும் என் வண்டிக்குப் பகலும் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறேன். "மாமா, அதுக்குத்தான் அப்பவே பெட்டி வைக்கச் சொன்னேன்" என்று மருமகன் தொலைபேசியில் சிரித்தார். எர்த் குழிக்கு நாளைக் காலையில் ஆள் வருகிறது.